‘ஷோலே’யை விரும்பாதவர்கள்: ஒரு திரைப்பட ஏற்பு வரலாறு

முன்னுரை

ஒரு படைப்பு பெற்ற பாராட்டுகள் மறுபதிப்புகளிலும் விழா மலர்களிலும் தாமே வந்து சேர்ந்துவிடுகின்றன. அது பெற்ற மறுப்புகளோ வெளிவந்த இதழ்களோடு மறைந்துவிடுகின்றன. ஆகவே பெரும்புகழ் அடைந்த படைப்பொன்றின் ஏற்பு வரலாற்றை எழுதுவோர்க்குக் கிடைக்கும் சான்றுகள் பெரிதும் ஒரு பக்கச் சான்றுகளாகவே அமைகின்றன. மறுப்புகள் குறிப்பிடப்படும் இடங்களிலும் அவை கருத்துகளாக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. ‘இத்தகைய படைப்பையும் குறை கூறினார்கள்’ என்று வியந்து நகைப்பதற்குரிய துணுக்குகளாகவே அவை எஞ்சுகின்றன.

இந்தியத் திரைப்பட வரலாற்றில் இதற்குத் தக்க சான்றாக விளங்குவது 1975ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஷோலே’ என்னும் இந்தித் திரைப்படம். சண்டைப் படங்களுள் இந்தியாவெங்கும் இத்துணைப் பாராட்டைப் பெற்ற வேறொரு படத்தைச் சுட்டுவது கடினம். ஆயினும் அது வெளிவந்தபோது பயிற்சி பெற்ற திறனாய்வாளர் பலர் அதனை விரும்பவில்லை. அவர்கள் விரும்பாமைக்குக் கூறிய காரணங்கள் யாவை, அக்காரணங்கள் எவ்வாறு மறைந்தன, அவற்றுள் இன்றும் விடை பெறாமல் நிற்பது எது என்னும் மூன்று வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

1975 ஆகஸ்டும் அதன் பின்னும்

ஜி.பி. சிப்பி தயாரிக்க, அவர் மகன் ரமேஷ் சிப்பி இயக்கிய ‘ஷோலே’ 1975 ஆகஸ்டு 15 அன்று வெளியிடப்பட்டது. கதை, உரையாடலைச் சலீம் – ஜாவேத் இணையரும், இசையை ஆர்.டி. பர்மனும், ஒளிப்பதிவைத் துவாரகா திவேச்சாவும், படத்தொகுப்பை எம்.எஸ். ஷிண்டேயும் ஏற்றிருந்தனர். 1973 அக்டோபரில் படப்பிடிப்புத் தொடங்கியது. பெங்களூருக்கும் மைசூருக்கும் இடையிலுள்ள ராமநகரத்துப் பாறைக் குன்றுகளின் நடுவே ‘ராம்கட்’ என்னும் கற்பனைச் சிற்றூர் எழுப்பப்பட்டது. 70 மி.மீ. அகலத்திரையும் பல்தட ஒலியமைப்பும் கொண்டு, மூன்று மணி நேரத்திற்கு மேல் ஓடும் படமாக அது திரைக்கு வந்தது.

கதை எளியது. காவல்துறை அதிகாரியாக இருந்த தாக்கூர் பல்தேவ் சிங், கப்பர் சிங் என்னும் கொள்ளையனைப் பிடித்துச் சிறைக்கு அனுப்புகிறார். சிறையிலிருந்து தப்பிய கப்பர், தாக்கூரின் குடும்பத்தைக் கொன்று, அவருடைய இரு கைகளையும் வெட்டிவிடுகிறான். கைகளை இழந்த தாக்கூர், தாம் முன்பு கைது செய்த ஜெய், வீரு என்னும் இரு சிறு குற்றவாளிகளைக் கூலிக்கு அமர்த்திக் கப்பரை உயிரோடு பிடித்துத் தருமாறு வேண்டுகிறார்.

வெளிவந்த முதற் கிழமைகளில் கொட்டகைகளில் எதிர்பார்த்த ஆரவாரம் எழவில்லை. படம் தோல்வி என்றே வணிக வட்டாரம் கருதியது. ஜெய் இறக்கும் முடிவை மாற்றி அவனைப் பிழைக்க வைக்கலாமா என்றுகூடப் படக்குழுவினர் ஆலோசித்ததை அனுபமா சோப்ரா தம் நூலில் (2000) பதிவு செய்துள்ளார். முடிவை மாற்றாமல் காத்திருப்பது என்று தீர்மானிக்கப்பட்டது. அதன்பின் நிகழ்ந்தது நாடறிந்தது. மும்பை மினர்வா திரையரங்கில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அப்படம் ஓடியது.

எனினும் மக்கள் ஏற்புக் கிடைத்தவுடன் திறனாய்வாளர் ஏற்பும் கிடைத்துவிடவில்லை. ஃபிலிம்ஃபேர் விருதுகளில் ஒன்பது பிரிவுகளுக்குப் பரிந்துரைக்கப்பட்ட இப்படம் பெற்ற விருது படத்தொகுப்புக்கான ஒன்று மட்டுமே. அவ்வாண்டின் சிறந்த படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது, அதே சலீம் – ஜாவேத் எழுதிய ‘தீவார்’.

விருப்பின்மையின் மூன்று முகங்கள்

அக்கால மறுப்புகளை வகைப்படுத்தினால் அவை மூன்று திறத்தனவாக அமைகின்றன.

முதலாவது, வணிகக் கணிப்பு. இவ்வளவு பொருட்செலவில், இவ்வளவு நீளத்தில், தலைமகன் இறக்கும் கதை ஓடாது என்பது அது. இக்கணிப்பு பிழையென ஐந்தாண்டு ஓட்டம் மெய்ப்பித்துவிட்டது. இதில் வாதத்திற்கு இடமில்லை.

இரண்டாவது, கலை மதிப்பீடு. ‘தழல்கள்’ எனப் பொருள்படும் படத்தின் பெயரையே திருப்பி, இது அணைந்துபோன கனல் என்றும் பெருங்குறையுடைய முயற்சி என்றும் ‘இந்தியா டுடே’ இதழில் கே.எல். அம்லாடி எழுதினார். அமெரிக்க மேற்குநிலப் படங்களின் பாணியை இந்தியச் சூழலோடு பொருத்த முயன்று, அங்கும் சேராமல் இங்கும் சேராமல் நின்றுவிட்ட போலி என்பது ‘ஃபிலிம்ஃபேர்’ மதிப்புரையின் சாரம்.

மூன்றாவது, வன்முறை பற்றிய அறக்கவலை. கொலையும் உறுப்புச் சிதைப்பும் பெருந்திரைக் காட்சியின்பமாக மாறுவது பற்றிய அச்சம் இது. இக்கவலை திறனாய்வாளர்க்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. பின்னர்க் காட்டப்படுவதுபோல், தணிக்கை வாரியமும் படத்தின் முடிவில் தலையிட்டது.

இம்மூன்றையும் பிரித்துக் காண்பது இன்றியமையாதது. பிற்காலத்தார் முதலாவது கணிப்பின் தோல்வியை எடுத்துக்கொண்டு, மற்ற இரண்டும் அதனோடு சேர்ந்து தோற்றுவிட்டதாகக் கருதினர். கொட்டகை நிறைந்தது என்பது ‘படம் ஓடாது’ என்றவர்க்கு விடை. ‘இக்கதைக்கு மண் இல்லை’ என்றவர்க்கு அது விடை ஆகாது.

மண் இழந்த கொள்ளையன்

‘போலி’ என்னும் குற்றச்சாட்டைத் தழுவல் பற்றியதாக மட்டும் கொண்டால் அது வலுவற்றதே. அகிரா குரோசாவாவின் ‘செவன் சாமுராய்’ (1954), அதனைத் தழுவிய ‘தி மேக்னிஃபிசன்ட் செவன்’ (1960), செர்ஜியோ லியோனேயின் ‘ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் தி வெஸ்ட்’ (1968), ராஜ் கோஸ்லாவின் ‘மேரா காவ்ன் மேரா தேஷ்’ (1971) ஆகியவற்றின் சாயல்கள் இப்படத்தில் உள்ளன. குரோசாவாவிடமிருந்து ஆலிவுட் எடுத்துக்கொண்டது தழுவல் எனப்படுகையில், அங்கிருந்து மும்பை எடுத்துக்கொண்டதை மட்டும் போலி என்பது நடுநிலை ஆகாது.

ஆனால் ‘இங்கும் சேரவில்லை’ என்னும் கூற்றுக்கு வேறொரு பொருளும் உண்டு. அப்பொருள் விளங்க இந்திக் கொள்ளையர் படங்களின் முன்வரலாற்றைக் காண வேண்டும்.

மெஹபூப் கானின் ‘மதர் இந்தியா’வில் (1957) பிர்ஜு கொள்ளையனாவது வட்டிக்காரனின் கணக்குப் புத்தகத்தால். நிதின் போஸ் இயக்கிய ‘கங்கா ஜமுனா’வில் (1961) உழவன் ஒருவன் நிலக்கிழாரின் வஞ்சத்தால் காட்டுக்குத் துரத்தப்படுகிறான். ‘ஜிஸ் தேஷ் மே கங்கா பெஹ்தி ஹை’ (1960) கொள்ளையர் மனம் மாறிச் சரணடைவதைப் பாடியது. மோனி பட்டாச்சார்ஜி இயக்கிய ‘முஜே ஜீனே தோ’ (1963) கொள்ளையன் ஒருவன் குடும்பத்தவனாக வாழ விழைவதைச் சம்பல் பள்ளத்தாக்கிலேயே படமாக்கியது. இந்நான்கு படங்களும் தரத்தால் வேறுபட்டவை. எனினும் கொள்ளையன் ஏன் கொள்ளையனானான் என்ற வினாவை நான்குமே எழுப்பின. நிலம், கடன், சாதிப்பெருமை, குடிப்பகை ஆகியவற்றுள் விடை தேடின.

‘ஷோலே’யில் அவ்வினா இல்லை. கப்பர் சிங்குக்குத் தாய் இல்லை, ஊர் இல்லை, அவனுக்கு இழைக்கப்பட்ட தீங்கு ஒன்றும் சொல்லப்படுவதில்லை. அவன் தலைக்கு அரசு வைத்துள்ள விலையே அவனைப் பற்றிய வரலாறாகிறது. ராம்கட் ஊராரும் அவனுக்குத் தானியம் அளக்கிறார்கள். அத்தானியம் யாருடைய நிலத்தில் யாரால் விளைவிக்கப்பட்டது என்பது காட்டப்படுவதில்லை. ‘தாக்கூர்’ என்பது நிலவுடைமையோடு பிணைந்த சாதிப் பட்டம். அப்பட்டத்தை உடையவர் இங்கு ஊரின் காவலராக மட்டுமே வருகிறார். அதே 1975இல் வெளிவந்த ஷியாம் பெனகலின் ‘நிஷாந்த்’தில், நிலக்கிழார் குடும்பத்தார் பள்ளி ஆசிரியரின் மனைவியைக் கவர்ந்து செல்கின்றனர், ஊர் கிளர்ந்தெழுகிறது. ஓராண்டில் எடுத்துரைக்கப்பட்ட இரு சிற்றூர்க் கதைகளுள் ஒன்றில் கொடுமையின் ஊற்றாக நிற்பவர், மற்றொன்றில் கொடுமைக்கு எதிரான அரணாக நிற்கிறார்.

விருதுக் குழு ‘தீவார்’ படத்தைத் தேர்ந்ததையும் இங்கு ஒப்புநோக்கலாம். அதுவும் வன்முறைப் படமே. அதன் நாயகன் கடத்தல்காரன். ஆயினும் தொழிற்சங்கத் தலைவராக இருந்த தந்தையின் வீழ்ச்சி, கையில் பச்சை குத்தப்பட்ட இழிவு, நடைபாதை வாழ்வு என அவன் குற்றத்திற்கு ஒரு வரலாறு உண்டு. ஆகவே அக்காலச் சுவைஞர் வன்முறையைக் கண்டதனாலேயே முகம் சுளித்தனர் என்று கூறுவதற்கில்லை. வரலாறற்ற வன்முறையே அவர்களுக்கு நெருடலாக இருந்திருக்க வேண்டும் எனக் கருத இடமுண்டு.

சம்பலின் நடப்பு வரலாறு இந்நெருடலை மேலும் விளக்குகிறது. கப்பர் என்னும் பெயர் கற்பனையன்று. 1950களில் அப்பகுதியில் அப்பெயருடைய கொள்ளையன் ஒருவன் இருந்தான். தனக்கு எதிரானவர்களின் மூக்கை அறுப்பவன் என அஞ்சப்பட்ட அவன், கே.எஃப். ருஸ்தம்ஜி மத்தியப் பிரதேசக் காவல்துறைக்குத் தலைமை ஏற்றிருந்தபோது 1959இல் சுட்டுக் கொல்லப்பட்டான். ஆனால் படம் உருவான 1973 – 75 காலத்துச் சம்பல், அந்தச் சம்பல் அன்று. வினோபா பாவே 1960இல் அப்பள்ளத்தாக்கில் நடந்து தொடங்கிவைத்த முயற்சியின் தொடர்ச்சியாக, 1972 ஏப்ரலில் ஜௌரா என்னும் ஊரில், ஜெயப்பிரகாஷ் நாராயண் முன்னிலையில் மோகர் சிங், மாதோ சிங் முதலிய தலைவர்கள் தம் கூட்டத்தாரோடு காந்தியடிகள் படத்தின் முன் துப்பாக்கிகளை வைத்துச் சரணடைந்தனர். பெங்களூரில் பிறந்த காந்தியத் தொண்டர் எஸ்.என். சுப்பாராவ் அங்கு நிறுவியிருந்த ஆசிரமம் இதற்குக் களமாக இருந்தது. சரணடைந்தோர்க்கென முங்காவலியில் திறந்தவெளிச் சிறையும் அமைக்கப்பட்டது. கொள்ளையனும் பேச்சுக்கு உரியவன், திரும்பி வரக்கூடியவன் என்பதை நாடு கண்ட காலம் அது. அப்போதுதான் பேச்சுக்கே இடமற்ற கொள்ளையன் திரையில் தோன்றினான்.

நெருக்கடி நிலையும் மாற்றப்பட்ட முடிவும்

1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. மறுநாள் விடியுமுன் ஜெயப்பிரகாஷ் நாராயண் தில்லி காந்தி அமைதி நிறுவனத்தில் கைது செய்யப்பட்டார். ‘ஷோலே’ வெளியான விடுதலை நாளன்று, சம்பல் கொள்ளையரைத் துப்பாக்கி துறக்கச் செய்தவர் காவலில் இருந்தார். இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் காரண காரியத் தொடர்பு இல்லை; படத்தின் திரைக்கதை அறிவிப்புக்கு நெடுநாள் முன்பே எழுதப்பட்டது. ஆயினும் படம் பார்க்கப்பட்ட சூழல் இதுவே. விசாரணையின்றி ஆயிரக்கணக்கானோர் சிறையிலிருந்த மாதங்களில், ஆங்கிலேயர் காலத்து மிடுக்கை விடாத சிறை அதிகாரியாக அஸ்ரானி நடித்த நகைச்சுவைக் காட்சிகள் கொட்டகைகளில் ஓடின. அச்சிரிப்பு அதிகாரத்தை எள்ளியதா, சிறையையே விளையாட்டாக்கியதா என்பது இருவழியும் வாதிடத் தக்கது.

தணிக்கையின் தலையீடு வெளிப்படையானது. முதலில் எடுக்கப்பட்ட முடிவில், தாக்கூர் ஆணி பதித்த காலணிகளை அணிந்த தம் கால்களாலேயே கப்பரைக் கொல்கிறார். முன்னாள் காவல் அதிகாரி ஒருவர் சட்டத்தைத் தம் கையில் – அவர் நிலையில் தம் காலில் – எடுத்துக்கொள்வதைத் தணிக்கை வாரியம் ஏற்கவில்லை. முடிவு மீண்டும் படமாக்கப்பட்டது. வெளிவந்த படத்தில், கொல்லும் தறுவாயில் காவலர் வந்து தாக்கூரைத் தடுத்துச் சட்டத்தை நினைவூட்டிக் கப்பரை அழைத்துச் செல்கின்றனர்.

இதன் விளைவு ஆராயத்தக்கது. ராம்கட்டில் படம் முழுதும் காவல்துறைக்கு வேலை இல்லை. கொள்ளையரின் கொடுமையைத் தாங்கும் ஊர், கூலிக்கு வந்த இருவரையே நம்பியிருக்கிறது. சட்டம் எங்குமே இல்லாத ஊரில், கடைசி நொடியில் மட்டும் சட்டம் வந்து நிற்கிறது. கதையின் தருக்கம் ஒன்றாகவும் அதன் முடிவு வேறொன்றாகவும் பிளவுபடுகின்றன. 1975இல் படத்தைக் கண்டு ‘பெருங்குறை’ என்றவர்கள் இந்தப் பிளவுண்ட வடிவத்தையே கண்டனர். முதல் முடிவு இருந்ததைப் பொதுப் பார்வையாளர் அறியாத காலம் அது. ஆதலால் அவர்களுடைய மதிப்பீட்டை, பின்னாளில் முழுவடிவத்தைக் கண்டவர்களின் மதிப்பீட்டோடு நேராக ஒப்பிட்டுப் பிழை காண்பது ஆய்வு முறை ஆகாது. இலக்கிய ஆய்வில் பாடவேறுபாடுடைய சுவடிகளுக்கு அளிக்கப்படும் கவனம் இங்கும் வேண்டப்படுகிறது.

வெகுளியும் அச்சமும்

தமிழ்ப் பொருளிலக்கண மரபு இச்சிக்கலை விளக்க ஒரு கருவி தருகிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், வெகுளி தோன்றும் களங்களாக உறுப்பை அறுத்தல், குடியை நலிதல், அலைத்தல், கொல்லுதல் ஆகிய நான்கைக் குறிக்கிறது. ‘ஷோலே’யின் கதை இந்நான்கையும் ஒருசேரக் கொண்டது. தாக்கூரின் கைகள் வெட்டப்படுதல், அவர் குடும்பம் அழிக்கப்படுதல், பசந்தி கண்ணாடிச் சில்லுகளின்மீது ஆடுமாறு அலைக்கப்படுதல், இமாமின் மகன் அகமது கொல்லப்படுதல் எனப் படத்தின் முதன்மை நிகழ்ச்சிகள் அனைத்தும் வெகுளியின் களங்களாகவே அடுக்கப்பட்டுள்ளன. மொழி அறியாத பார்வையாளரையும் இப்படம் எளிதிற் பற்றிக்கொண்டமைக்கு இவ்வமைப்பு ஒரு காரணமாகலாம்.

அச்சத்தின் களங்களைக் கூறுமிடத்தும் அவ்வியல் நான்கைக் காட்டுகிறது: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. கள்வரையும் ஆள்வோரையும் ஒரே வரிசையில் வைத்த நுட்பம் இங்கு எண்ணத்தக்கது. 1975இல் கள்வரைப் பற்றிய அச்சம் எழுபது மில்லிமீட்டரில் விரிந்தது. ஆள்வோரைப் பற்றிய அச்சம் அச்சேற இடமின்றி இருந்தது. அச்சத்தின் ஒரு களத்தை மட்டும் பெருக்கிக் காட்டிய படம், மற்றொரு களத்தை மறக்கச் செய்ததா, அல்லது வெளியிட முடியாத அச்சத்துக்கு வடிகாலாக அமைந்ததா என்னும் வினா, வெற்றியைக் கொண்டு தீர்க்கத் தக்கதன்று.

குற்றம் குணமான விதம்

படம் வெளியானபின் நடந்தவற்றுள், மறுப்பாளரின் கவலைக்கு வலுச்சேர்ப்பன சில உள. பாலிடார் நிறுவனம் வெளியிட்ட பாடல் இசைத்தட்டு முதலில் எதிர்பார்த்த விற்பனையைப் பெறவில்லை. அதன்பின் உரையாடல்களைக் கொண்ட இசைத்தட்டு வெளியானது. அது பெருவிற்பனை கண்டது. கப்பரின் குரலைத் திருமணப் பந்தல்களும் தேநீர்க் கடைகளும் ஒலிபெருக்கியில் கேட்டு மகிழ்ந்தன. பிரிட்டானியா நிறுவனத்தின் குளுக்கோஸ் பிஸ்கட் விளம்பரத்தில் அம்ஜத் கான் கப்பர் வேடத்திலேயே தோன்றினார். படத்திற்குள் தாய்மார் குழந்தைகளை அச்சுறுத்தி உறங்கவைக்கப் பயன்படுத்துவதாகக் கூறப்படும் பெயர், படத்திற்கு வெளியே குழந்தைகளின் தின்பண்டத்துக்கு முகவரியானது. வரலாறற்ற கொடியவன் எளிதில் விளையாட்டுப் பொருளாவான் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

திறனாய்வுலகின் மனமாற்றம் 1990களில் வலுப்பெற்றது. விமல் திசநாயக்கவும் மால்தி சகாயும் 1992இல் இப்படத்துக்கெனத் தனி நூலே எழுதிப் பண்பாட்டு வாசிப்பு நிகழ்த்தினர். எம். மாதவ பிரசாத் 1998இல் வெளியிட்ட நூல், இந்தி வெகுசனப் படங்களின் கருத்தியலை அரசுருவாக்க வரலாற்றோடு இணைத்து ஆராய்ந்தது. 2002இல் பிரித்தானியத் திரைப்படக் கழகம் நடத்திய கருத்தெடுப்பில் ‘ஷோலே’ இந்தியப் படங்களுள் முதலிடம் பெற்றது. ஒரே ஒரு விருது வழங்கிய ஃபிலிம்ஃபேர், தன் ஐம்பதாவது விருது விழாவில் (2005) ஐம்பதாண்டுகளின் சிறந்த படமென அதனை அறிவித்தது.

இம்மாற்றத்தில் ஒரு நுட்பம் உண்டு. மறுப்பாளர் கண்ட கூறுகளைப் பிற்காலத்தார் இல்லையென மறுக்கவில்லை. அவற்றின் பெயரை மாற்றினர். ‘போலி’ என்றது ‘பல மரபுகளின் கலவை’ ஆயிற்று. ‘மண் இல்லை’ என்றது ‘தொன்மத் தன்மை’ ஆயிற்று. ‘காரணமற்ற கொடியவன்’ என்றது ‘தூய தீமையின் உருவம்’ ஆயிற்று. குற்றம் கண்டவரும் குணம் கண்டவரும் ஒன்றையே கண்டனர் என்றால், முன்னவரின் கண்ணில் பழுதில்லை என்பது பெறப்படும். வேறுபாடு மதிப்பில் உள்ளது. மதிப்பு காலந்தோறும் மாறுவது.

மற்றொரு முரணும் கருதற்குரியது. ராம் கோபால் வர்மா 2007இல் ‘ஷோலே’யை மீட்டெடுக்க முயன்று ‘ஆக்’ என்னும் படத்தை வெளியிட்டபோது, போலி என அது பரவலாகப் புறக்கணிக்கப்பட்டது. தழுவல் எனக் குறை கூறப்பட்ட படமே, தழுவக்கூடாத மூலம் என்னும் நிலையை முப்பத்திரண்டு ஆண்டுகளில் எய்தியிருந்தது.

விருப்பின்மையின் பிழைகள்

மறுப்பாளரின் குரலை மீட்பது அவர்கள் கூறியதனைத்தையும் ஏற்பதாகாது. அவர்களுடைய பார்வையிலும் குறைகள் இருந்தன.

முதலாவதாக, வன்முறைக் காட்சிகளின் அமைப்பை அவர்கள் போதிய அளவு நுணுகி நோக்கவில்லை. தாக்கூரின் பேரப்பிள்ளையைக் கப்பர் சுடும் காட்சியில், துப்பாக்கி வெடித்ததும் படம் புகைவண்டிக்குத் தாவிவிடுகிறது. குழந்தையின் உடல் விழுவது காட்டப்படுவதில்லை. வெளிவந்த வடிவத்தில் அகமதுவின் கொலையும் அவ்வாறே. கப்பர் தன் கைமேல் ஊரும் பூச்சியை நசுக்குகிறான். அடுத்து உடலைச் சுமந்த குதிரை ஊருக்குள் வருகிறது. கொலையைக் காட்டாமலே உணர்த்தும் இத்தொகுப்பு நுட்பத்தையே விருதுக் குழு அடையாளம் கண்டது. ‘வன்முறை மிகுதி’ என்னும் பொதுக்கூற்று இந்நுட்பத்தைக் காணத் தவறியது.

இரண்டாவதாக, திரைப்படக் கழகங்களால் வளர்க்கப்பட்ட சுவைக்கும் வெகுசனச் சுவைக்கும் இடையில் அன்றிருந்த தொலைவு அவர்கள் எழுத்தைப் பாதித்தது. ஒலியின் வழி – ஊஞ்சலின் கிரீச்சிடல், வாய் இசைக்கருவியின் மெல்லோசை, கப்பரின் காலணி பாறையில் உரசும் ஓசை ஆகியவற்றின் வழி – இப்படம் கதை சொன்ன முறையைக் கொட்டகையின் பின்வரிசை முன்னரே கேட்டுக்கொண்டது.

மூன்றாவதாக, குறை கூறியிருக்க வேண்டிய ஓரிடத்தை அவர்கள் பெரிதுபடுத்தவில்லை. கைம்பெண்ணான ராதாவுக்கும் ஜெய்க்கும் இடையே அரும்பும் அன்பைத் தாக்கூர் ஏற்று, மறுமணத்துக்கு ராதாவின் தந்தையிடம் ஒப்புதலும் பெறுகிறார். ஆயினும் ஜெய் இறக்கிறான். ராதாவின் சாளரம் மூடிக்கொள்கிறது. மறுமணத்தை மனத்தளவில் ஏற்று நிகழ்வளவில் மறுக்கும் இந்தச் சமரசம், பிற்காலப் பெண்ணிய வாசிப்புக்கே காத்திருந்தது. முதற் கிழமையில் முடிவை மாற்ற எண்ணியவர்களும் வசூலைக் கருதினரேயன்றி ராதாவைக் கருதியதாகத் தெரியவில்லை.

முடிவுரை

பொன்விழா ஆண்டான 2025இல், ‘ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன்’ புதுப்பித்த ‘ஷோலே’, நீக்கப்பட்ட காட்சிகளோடும் முதல் முடிவோடும் இத்தாலியின் பொலோஞா நகர விழாவில் திரையிடப்பட்டது. ஐம்பதாண்டுகளுக்கு முன் அகற்றப்பட்டது மீண்டும் படத்தின் உடலாயிற்று. இதனால், மக்கள் ஐம்பதாண்டுகள் போற்றிய வடிவமும் இன்று மூலமெனப் போற்றப்படும் வடிவமும் அறத்தால் வேறுபட்டவை என்பது வெளிப்படையாயிற்று. ஒன்றில் பழி சட்டத்துக்குப் பணிகிறது. மற்றொன்றில் சட்டம் பழிக்கு வழிவிடுகிறது. இரண்டையும் ஒரே குரலில் பாராட்டுவோர், தாம் எதனைப் பாராட்டுகின்றனர் என்பதைத் தெளிவுபடுத்தும் கடமை உடையவராகின்றனர்.

இக்கட்டுரையால் பெறப்படுவன மூன்று. 1975ஆம் ஆண்டு மறுப்புகளுள் வணிகக் கணிப்பு மட்டுமே பொய்த்தது. கலை மதிப்பீடும் அறக்கவலையும் எதிர்கொள்ளப்படாமலே கைவிடப்பட்டன. கொள்ளையனின் சமூக வரலாற்றைத் தேடிய படமரபு ‘ஷோலே’யில் முறிந்தது, அம்முறிவை முதலில் உணர்ந்தவர்கள் அதனை விரும்பாதவர்களே, தாம் உணர்ந்ததை அவர்கள் முழுமையாகச் சொல்லவில்லை எனினும். பிற்காலப் பாராட்டு, அவர்கள் கண்ட கூறுகளையே வேறு பெயர்களால் ஏற்றுக்கொண்டது.

ஒரு நூலின் பழைய உரையை மறுக்கும் உரையாசிரியர், தாம் மறுக்கும் உரையையும் எடுத்துக்காட்டிய பின்னரே மறுப்பது தமிழ் உரைமரபின் நெறி. அதனால்தான் மறைந்துபோன உரைகள் சில மறுத்தவரின் ஏடுகளிலேனும் பிழைத்துள்ளன. திரைப்படத்தின் ஏற்பு வரலாறும் அந்நெறியை மேற்கொள்ளுமாயின், ‘ஷோலே’யை விரும்பாதவர்கள் துணுக்குகளிலிருந்து மீண்டு, அப்படத்தின் முதல் வாசகர்களாகத் தமக்குரிய இடத்தைப் பெறுவர்.